திரையைச் சுருட்டிய காலை

என் பெண்டாட்டி சூர்யகலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். உழைப்பும் அதற்குக் குறைந்ததில்லை. போடிமெட்டுக்குக் கீழே, சரிவில் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் பசுமைக்குடில் போட்டுத் தக்காளி வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான்.

கல்யாணமான நாளிலிருந்து ஜீப்பில் நசுங்கிக்கொண்டு மாநில எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வந்தவள். முழங்கால் விட்டுப்போயிற்று. இந்தத் தக்காளி தேறாவிட்டால் மறுபடி ஜீப்புதான். அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வராது.

மார்கழி பிறந்தது. குளிரில் பூ உதிர்ந்துவிடும் என்று பயந்து குடிலின் பக்கத் திரைகளை இறுக்கிக் கட்டிவிட்டாள். போதாததற்குச் சாயங்காலம் தண்ணீர் வேறு. ஏலச்செடியோடு பழகிய கை. ஈரம் என்றால் எந்தச் செடிக்கும் நல்லது என்றே நினைக்கும். விடிந்து பார்த்தால் கூரையிலிருந்து இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சில நாளில் இலையிலும் காம்பிலும் சாம்பல் பூஞ்சை. இது ஏதோ நோய் என்றேன். அவளோ இன்னும் இறுக்கிக் கட்டினாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

பக்கத்து வீட்டுக் கன்னையன் அண்ணன், தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்த அடுப்பெரிக்கிறவர். ஒரு காலை ஜீப்புக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த புழுக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“தாயி, ஸ்டோர்ல அடுப்பு மூட்டுனதும் மொதல்ல என்ன செய்வோம்? ஆவி போக ஜன்னலத் தொறந்து விடுவோமில்ல? இதுக்கும் அதான்.”

அதே ஸ்டோரில் காய் பொறுக்கியவள்தான் அவள். தெரியாததா? ஆனாலும் கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. இருக்கிற பூவும் போய்விட்டால் என்ன செய்வது? வெளியே ஜீப்பு ஆரன் அடித்தது. அண்ணன் ஜீப்பைப் போகச்சொல்லிக் கை காட்டிவிட்டு, அவளோடு சேர்ந்து திரையைச் சுருட்டினார். வெயில் ஏற ஏற உள்ளே தேங்கிய ஈரக்காற்று வெளியேறி இலை உலர்ந்தது. பூஞ்சை பிடித்ததையும் மண்ணைத் தொட்ட அடியிலைகளையும் கிள்ளித் தூரக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அன்று அவர் சோலிக்கே போகவில்லை. கூடப்பிறந்தவன்கூட அப்படி நின்றிருப்பானா, தெரியாது.

பிறகு தண்ணீர் காலையில் மட்டும். வெயில் வந்ததும் திரை ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும். பூஞ்சை அடங்கியது. செத்த செடி போக மிச்சம் காய்த்ததே, செடியைத் தூக்கிக் கட்டின கயிறு பாரம் தாங்கவில்லை.

தை கடைசியில் முதல் பறிப்பு. ஒரு கூடையை எடுத்துக்கொண்டு ஜீப்பு நிற்கிற வளைவுக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன் மடியில் அதை வைத்தாள். அழுதுவிட்டாள்.

“அழுகாத தாயி,” என்றார் அவர். “இனிமே ஜீப்புல உன் எடத்துலயும் நானே காலை நீட்டி உக்காந்து போவேன்.”