மெதுவா மூச்சு வுடுங்க அக்கா

நான் மயக்க மருந்து டாக்டர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

2007, கடலூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம், காலை பதினோரு மணி. அண்ணாகிராமத்தில் முந்திரி உடைக்கிற செல்வி என்பவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஹாலோதேன் வாயுவில் தூங்கவைத்திருந்தேன். இனிப்பு வாசனையுள்ள மருந்து. அளவு கூடினால் இதயத்துடிப்பை இறக்கிவிடும். அன்று அளவு சரியாகத்தான் இருந்தது, இரண்டு தடவை பார்த்தேன். இருந்தும் துடிப்பு திடீரென்று நாற்பதுக்குக் கீழே போனது. வாயுவை மூடி, ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்து, ஊசி போட்டு, ஒரு வழியாக மீட்டேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது செல்வி முதலில் கேட்டது, "அந்தப் பாப்பா எழுந்திரிச்சிடுச்சா சார்?"

"எந்தப் பாப்பா?"

"பக்கத்துல படுத்திருந்துச்சே. அழுதுகினே இழுத்தா ஜாஸ்தி உள்ள போயிடும், மெதுவா மூச்சு வுடுங்க அக்கான்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

ஆபரேஷன் அறையில் இருப்பதே ஒரு மேசைதான். ஆனால் என்னைப் பயமுறுத்தியது அது இல்லை, அந்த வார்த்தைகள்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், சிதம்பரத்தில் ஒரு கிளினிக். ஆறு வயதுச் சிறுமிக்கு டான்சில் ஆபரேஷன், முகமூடி வைத்தது நான். விம்மி விம்மி அழுதாள். அழுகிற பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக இழுக்கும், வாயு மடமடவென்று உள்ளே ஏறும். நான் அளவைக் குறைக்கத் தாமதித்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவேயில்லை. பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று சொன்னேன். அவள் அப்பா அதை நம்பி, என் கையையே பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க செல்வி தனியாக வந்தார். மறுபடி கேட்டேன்.

"நானா? அப்பிடியா சார் சொன்னேன்? ஒண்ணும் ஞாபகமில்லியே" என்று சிரித்தார். மயக்கத்தில் உளறியிருக்கிறார் என்று எனக்கும் நிம்மதியாகிவிட்டது.

கிளம்பும்போது அவர் காலி பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "வா, பஸ்ஸு போயிடும்" என்று ரொம்ப இயல்பாகச் சொல்லி, இடது கையை நீட்டினார். நான் பின்னாலேயே வெளியே வந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், மாடிப்படியில் அவர் ஒவ்வொரு படிக்கும் நின்று, பக்கத்தில் குனிந்து பார்த்து, அது இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த படியில் கால் வைத்தார்.