வெள்ளைத் துணியில் சுற்றிய பெட்டி

கொரியத் தொடர்களில் யாராவது ஒரு வீட்டு வாசலில் பார்சலோடு வந்து நின்றால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. "அம்மா கொலையைப் பாப்பா, தபால்காரனைத்தான் பாக்கமாட்டா" என்று நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். பதினேழு வயதில் நானும் தலைகள் பறக்கிற தொடர்களைக் கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்தவள்தான். வாள் சண்டையில் தொடங்கிய என் ருசி அழுகைக்குப் போய், கடைசியில் யாரும் வாய் திறக்காமல் அரிசி கழுவுகிற காட்சிகளில் வந்து நின்றது. வயது போனதால் வந்த மாற்றம் இல்லை அது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு அப்பா கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். இருபத்திரண்டு வருடம் அங்கே ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கொண்டுவந்தது ஒரு தோள்பையும் தலைக்குள் இருந்த சிங்களமும்தான். இனி உதை வைச்சு என்ன செய்யிறது என்று சிங்களத்தைப் பற்றி அவரே சொல்வார். சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் காணியில் வெங்காயம் நட்டார். அது சுண்டங்காய் அளவில் விளைந்தது. ஊரில் அதற்குக் கிளாக்கர் வெங்காயம் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருடம் கப்பலில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ரீவியும் டெக்கும் ஒரு சூட்கேஸ் நிறைய ஹொங்கொங் கசெற்றுகளும் கொண்டுவந்து இறக்கினார். அன்றிலிருந்து நானும் என் தம்பியும் அதற்கு முன்னால்தான். பேச்சு ஒரு சொல்லும் விளங்காது. விளங்கித்தான் என்ன? குருவைக் கொன்றவனைத் தேடி ஒருத்தன் புறப்படுவான், மூங்கில் காட்டுக்குள் வாள் சுழற்றுவான், கூரைக்குக் கூரை பாய்வான். செத்த வீட்டில் எல்லோரும் வெள்ளை உடுத்து நெற்றியில் வெள்ளைத் துணி கட்டி நிற்பார்கள். ஒரு தொடரில், செத்துப்போன அண்ணனின் சாம்பலை வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒருவன் ஊர் ஊராக நடந்தான். அப்படியான இடங்கள் வந்தால் நான் கசெற்றை வேகமாக ஓடவிட்டுவிடுவேன். "அக்கா, கெதியாச் சண்டைக்கு விடு" என்று தம்பி கத்துவான். என்னைவிட மூன்று வயது இளையவன். தென்னை மட்டையை வாள்போலச் சீவிக்கொண்டு மாட்டுக் கொட்டில் கூரையிலிருந்து குதிப்பான். நான் கீழே நின்று கைதட்டுவேன்.

தம்பிக்குப் பதினாறு வயதில், ஒரு காலை ரியூசனுக்கென்று போனவன் திரும்பவில்லை. பின்னேரம் அவனுடைய சைக்கிள் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் மதிலோடு சாத்தியிருந்தது. கொப்பிகள் கரியரிலேயே இருந்தன. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா கசெற்றுகளை எல்லாம் அள்ளி நெல்லுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். "உந்தப் பாழ்பட்ட படங்களைக் காட்டித்தானே என்ரை பிள்ளையைக் கெடுத்தனீ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அநியாயமான பேச்சு. ஆனாலும் அதற்குப் பிறகு ஒருவன் கூரையிலிருந்து பாய்வதைப் பார்க்க நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. வாள் தொடர்கள் எனக்கு அன்றோடு முடிந்தன.

அம்மா சாப்பாட்டையும் விட்டுவிட்டார். ஒரு கோப்பை தேத்தண்ணியில் நாள் போகும். கைகள் இரண்டும் மெலிந்து காப்பு முழங்கை வரைக்கும் ஏறிப்போனது. இப்படியே போனால் ஆள் தப்பாது என்று நாடி பார்த்த பரியாரியார் அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னார். இந்திய ஆமி சந்திகளில் நின்ற காலம் அது. தம்பி எங்கே என்று கேட்கவும் ஆள் இல்லை, கேட்கத் துணிவும் இல்லை. அந்த நேரத்தில்தான் கொழும்பு ரீவியில் கிழமைக்கொரு தரம், வாரம் தவறாமல், பின்னேரத்தில் ஒரு ஜப்பான் தொடர் தொடங்கியது. அப்பா வெளியில் நின்று அன்ரனாவைத் தெற்குப் பக்கம் திருப்ப, நான் யன்னலால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ, நிப்பாட்டுங்கோ" என்பேன். எப்படியாவது அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிடலாம் என்று அப்பாவுக்கு ஒரு நப்பாசை.

கடற்கரைக் கிராமமொன்றில் மீன் காயவைத்துப் பிழைக்கிற ஒரு கைம்பெண். அவளுக்கு ஒரே மகன். எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா கதிரையை அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார்.

"என்ன சொல்லுறாள்?" என்று அம்மா கேட்பார்.

"பட்டாளத்துக்கு வரச்சொல்லி மகனுக்குக் கடிதம் வந்திருக்காம்."

"ஐயோ. அவள் என்ன சொல்லுறாள்?"

"பொறுமன். அவள் இன்னும் வாய் திறக்கேல்லை."

அந்தப் பையன் சண்டைக்குப் போன கிழமை அம்மா நிமிர்ந்து இருந்து கேட்டார். பிறகு அவனிடமிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கு அம்மா இரண்டு பிடி சோறு சாப்பிட்டார். அப்பா குசினி வாசலில் நின்று அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் அம்மா இரண்டு அர்ச்சனைச் சீட்டு எடுத்தார். தம்பியின் நட்சத்திரம் பூரட்டாதி. மற்றச் சீட்டு யாருக்கு என்று ஐயர் கேட்டார். "அதுவும் எங்கடை பிள்ளை மாதிரித்தான் ஐயா. அதுக்கும் பூரட்டாதியெண்டே சொல்லுங்கோ" என்றார் அம்மா. ஜப்பான்காரனுக்கு அர்ச்சனை! வழியில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா நின்று என்னைப் பார்த்தார். "சிரியாதை. அவன் வந்தால் இவனும் வருவான். நான் நேர்ந்துபோட்டன்." எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் எனக்கும் அழுகைத் தொடர்தான் ருசி. அந்தக் கைம்பெண்ணோடு சேர்ந்து நானும் மூக்கைச் சிந்துவேன். தம்பிக்காக வீட்டில் அழ முடியாது, அம்மா விழுந்துவிடுவார். ஜப்பான்காரிக்காக அழலாம்.

பிறகு அந்தக் கிழமை வந்தது. அவளுடைய வாசலில் உடுப்பு மடிப்புக் குலையாத ஒரு மனிதர் வந்து நின்றார். கழுத்திலிருந்து தொங்கிய வெள்ளைத் துணியில் ஒரு பெட்டியைச் சுற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். குனிந்து வணங்கி அதை நீட்டினார். அவள் வாங்கினாள். ஏதோ மெல்லச் சொன்னாள்.

"என்ன சொல்லுறாள்?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, என்ன சொல்லுறாள்?"

"மகன் சாமான் அனுப்பியிருக்கிறானாம்" என்றார் அப்பா. "சுகமா இருக்கிறானாம்."

"அப்ப ஏன் அழுறாள்?"

"சந்தோசத்திலை."

"அதென்ன, வெள்ளைத் துணியிலை?"

"அது அவையின்ரை வழக்கம். மரியாதையான சாமானெண்டால் வெள்ளையிலைதான் சுத்துவினம்."

அம்மாவின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார், மீன் குழம்பு கேட்டுக் கேட்டு. நான் என் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். வெள்ளைத் துணி அந்தப் பக்கத்து நாடுகளில் எதற்கு என்று மாமாவின் கசெற்றுகள் எனக்கு எப்போதோ சொல்லித் தந்துவிட்டன.

அடுத்த நாள் காலை அப்பா வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். நான் போய்க் கேட்டேன். "அப்பா, அந்தப் பெடியன் செத்துப்போனான் என்ன?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பாத்திக்கு ஓடியது. "கொம்மா சாப்பிட்டதைக் கண்டனியோ இல்லையோ?" என்றார். "கண்டனியெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இரு."

எனக்கு அப்பாவில் கோபம் கோபமாக வந்தது. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு பொய் சொன்னால் அதைச் சோறு போட்டு வளர்க்கவேண்டும். கிழமைக்குக் கிழமை அப்பா ஒரு புதுக் கதை கட்டினார். மகன் தூர தேசத்தில் நிற்கிறான், லீவு கிடைக்கவில்லை, வந்துவிடுவான். ரீவிக்குள்ளே அவளுடைய முகம் ஒன்று சொல்லும், எனக்குப் பக்கத்தில் அப்பாவின் குரல் இன்னொன்று சொல்லும். அழுகைக் காட்சிகள் எனக்கு வெறுத்துப்போயின. அவள் தனியே இருந்து மீனைப் புரட்டுகிற, கதவை இழுத்துச் சாத்துகிற, அரிசி கழுவுகிற இடங்கள் எப்போது வரும் என்று பார்த்திருப்பேன். அங்கே யாரும் பேசுவதில்லை, அப்பாவும் பொய் சொல்லத் தேவையில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இன்றைக்கும் நான் தேடித் தேடிப் பார்ப்பது அந்தக் காட்சிகளைத்தான்.

ஒரு கிழமை அவள் மகனுடைய படத்தைச் சுவர்த்தட்டில் வைத்து, முன்னால் ஒரு சின்ன விளக்குக் கொளுத்தினாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தூர இருக்கிற பிள்ளைக்கு அப்பிடி வைக்கிறது அவையின்ரை வழக்கம்" என்றார். "சுகமாத் திரும்பி வாறதுக்கு."

அடுத்த நாள் விடிய எழும்பி வந்தேன். விறாந்தைச் சுவரில் தம்பியின் பள்ளிக்கூடப் படம் தொங்கியது. அதன் கீழே ஒரு முக்காலியில் விளக்கு எரிந்தது. அம்மா திரியைத் தூண்டிக்கொண்டு நின்றார். எங்களூரில் படத்துக்கு முன்னால் விளக்கு யாருக்கு எரியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னடியப்பா, பெடியனுக்கு ஏதும்...?"

"சீ! வாயைக் கழுவு" என்று அம்மா அதட்டினார். "அது ஜப்பான் வழக்கம். சுகமா வாறதுக்கு வைக்கிறது."

"அப்பா, நூருங்கோ அதை" என்று விளக்கை அணைக்கச் சொல்லி நான் அப்பாவிடம் கெஞ்சினேன். எப்படி நூர்க்கிறது, என்ன சொல்லி நூர்க்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். விளக்கு இருபது நாளைக்கு மேல் எரிந்தது. நான் அதைக் கடக்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் முற்பகல், நீர்வேலிப் பக்கத்திலிருந்து வாழைக்குலை கொண்டு திரிகிற ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாங்கள் வழக்கமாக அவரிடம் வாங்குவதில்லை. சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, றோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறாந்தைப் படியில் வந்து நின்றார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "எடி பிள்ளை, பார், வெள்ளையிலை சுத்தி! நான் சொன்னனானெல்லே? அனுப்பிப்போட்டான்!" பொட்டலத்தை அந்த மனிதருடைய கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கினார். "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணும். சாப்பிடுறானோ? மெலிஞ்சு போனானோ?"

நிலத்தில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். அம்மா தைத்த சேட்டு. அவன் இடுப்பில் உடுத்திய சாரம். பல்லுத் தூரிகை. ஒரு செருப்பு, ஒற்றைச் செருப்பு.

"உதெல்லாம் ஏன் திருப்பி அனுப்பினவன்?" என்றார் அம்மா. "அங்கை அவனுக்கு வேண்டாமே?"

வாழைக்குலைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். படத்தைக் கண்டார், விளக்கைக் கண்டார். அவருடைய தோள்கள் இறங்கின. பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்தவர்போல, தோட்டத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்ற அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்களுக்கு முந்தியே சொல்லிப்போட்டினம்" என்றார். "நான் என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியாமல் சந்தியிலை மூண்டு தரம் திரும்பினனான்."

சுத்தமான தமிழ். ஒரு சொல்லும் விளங்காமல் போகாத தமிழ். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறார்?"

அப்பா படியேறி வந்தார்.

"இஞ்சருங்கோ, அவர் என்ன சொல்லுறார்?"

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். அம்மாவின் மடியில் கிடந்த சேட்டின் மேல் கையை வைத்தார். "பிள்ளை இல்லையாம்" என்றார்.

அம்மா அழுவார், கத்துவார், மார்பில் அடிப்பார் என்று நான் கிட்ட ஓடினேன். அம்மா அசையவில்லை. நெற்றியைச் சுருக்கிப் போன கிழமைகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்ப அண்டைக்கு, அந்தப் பெட்டி?"

அப்பா தலையைக் குனிந்தார். அம்மா எழும்பிப் போய் விளக்கை விரலால் நூர்த்தார். புகை படத்தின் மேலால் ஏறியது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமோ?"

ஓம் என்றேன்.