காதால் பார்த்த பள்ளிக்கூடம்

என்னைப் போன்ற அடிமுட்டாள் அன்னூர்ப் பக்கம் இன்னொருவர் இருந்தால் அவருக்காகவே இதை எழுதுகிறேன். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நான், மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது வண்டியில் உட்கார்ந்தபடி, வெறும் காதால்!

எங்கள் ஊரில் ஜில்லா போர்டு நடத்தும் பள்ளிக்கூடத்தில் சத்தமே கேட்காது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலோ பிள்ளைகள் ஒப்பிக்கும் வாய்ப்பாடு அரை மைல் தூரம் கேட்கும். அங்குதான் படிப்பு என்று முடிவுகட்டி ராமாத்தாளை அங்கே மாற்றினேன்.

ஒரு வருஷம் கழித்து என் மனைவியின் தம்பி வந்தார். ராமாத்தாளைப் பாடப் புத்தகம் வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசித்தாள். அவர் சும்மா இராமல் தாம் கொண்டுவந்த பத்திரிகையை நீட்டினார்.

"இதையும் படி, அம்மணி."

அவள் திருதிருவென்று விழித்தாள். ஓரெழுத்துகூடத் தெரியவில்லை. புத்தகத்தை மனப்பாடமாகத்தான் ஒப்பித்திருக்கிறாள்.

"ஏனுங்க மச்சான், புள்ளைய வளக்கறீங்களா, கிளிய வளக்கறீங்களா?"

மறுநாளே போர்டு பள்ளிக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தார். ராமாத்தாளைத் திரும்பவும் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன்.

"மறுபடி ஒண்ணாங் கிளாஸ்லதான் போடுவேனுங்க" என்றார்.

"போடுங்க சாமி, என்னையும் சேத்துப் போடுங்க" என்றேன்.

இப்போதெல்லாம் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட அவளிடம் வாசிக்கக் கொடுக்கிறேன். பள்ளிக்கும் அடிக்கடி போய் உட்காருகிறேன். இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேற்று அவளாகவே, நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தாள். "என்ன கண்ணு போட்டிருக்குது?" என்று விடாமல் நச்சரித்தேன்.

"சித்த சும்மா இருங்கப்பா, படிக்கறேனில்ல!"