ருசி பார்த்தால் சாப்பிட்டதாகுமா?

கொடைக்கானல் குளிரில் உணவு ஆலோசகர் வேலை என்பது, நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் பஜ்ஜியைப் பற்றிக் கோள் சொல்லிப் பிழைப்பது. கல்யாணப் பந்தியில்கூட நம்மைக் கண்டால் இலையை மறைப்பார்கள். உங்களில் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறும் வயிறு

அந்தோணி, ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் சமையல்காரர். ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம். இன்னும் ஏறினால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

வெள்ளனே வந்துவிட்டார், சட்டையெல்லாம் குருமா வாசத்தோடு. பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்று மாதா மேல் ஆணையிட்டார். கூட வந்த மனைவி பிலோமினா முறைத்த முறைப்பில் உண்மை வெளியே வந்தது.

"சாப்பிடலைங்க மேடம், அஞ்சாறு கரண்டி ருசிதான் பாத்தேன்."

நாக்கு செய்த வேலை

ரத்தம் எடுக்காமல் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். நாக்கின் செல்களில் கொழுப்பை அடையாளம் காணவே ஏற்பிகள் இருக்கின்றன, உங்கள் விடுதி வரவேற்பு மேசை மாதிரி. கொழுப்பு வந்த சேதி அங்கிருந்தே உள்ளே போய்விடும். குடலிலும் ஏற்பிகள் உண்டு. அவை பித்தத்தை வரவழைக்கும், போதும் என்று மூளைக்கும் சொல்லும். ஈரல் செல்களுக்குள் இருப்பவை, வந்ததை எரிக்கவா சேர்க்கவா என்று பார்க்கும். தினமும் வெண்ணெயிலேயே ஊறினால் நாக்குக்கு உணர்வு மந்தமாகிவிடும், அதனால்தான் கை மேலும் மேலும் ஊற்றுகிறது. குறைத்தால் உணர்வு திரும்பக்கூடும் என்றேன். ஈஸ்டர் வரை கறியை விட்டு விரதம் இருக்கும் தவக்காலம் வேறு தொடங்கியிருந்தது. கறியோடு நெய்யையும் எண்ணெயையும் விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள், ருசி பார்க்கக் கரண்டி நுனி போதும் என்று கெஞ்சினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்: "பாத்தியா, நான் ஒண்ணும் பண்ணலை, எல்லாம் இந்த நாக்கு பாத்த சோலி!"

ஈஸ்டர் குருமா

ஈஸ்டர் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தார். முடிவு வரும்வரை அவரைவிட எனக்குத்தான் பயம். கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, கணையத்துக்கு இப்போதைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. பிலோமினா அழுதுகொண்டே சிரித்தார்.

பண்டிகையன்று அவர் தன் கணவரின் பழைய அளவிலேயே குருமா வைத்தாராம். அந்தோணி கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இம்புட்டு எண்ணெயையா ஊத்துவ என்று கத்தினாராம்.

பிலோமினா சொன்ன பதில்: "பத்து வருசமா நீங்க சொல்லிக்குடுத்த அளவுதாங்க இது!"

அன்று சாயங்காலம் அந்த நிம்மதியில் நாலு மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். சாப்பிடவில்லை, ருசிதான் பார்த்தேன்.