தரை தேய்த்த நாளில் பால் காய்ச்சினோம்

இந்த ஊரில் சத்தம் போடுவதற்கு முன்னால் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். இந்த வீட்டில், இந்த நாளில் மரத்தரை தேய்க்கப் போகிறோம், இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எதிர்வீட்டுச் சீன அம்மா அதை நின்று படித்துவிட்டு, ஏதோ விசேஷ அழைப்பு என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொல்லி வைத்தேன். திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து என்றால் விடிவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சத்தம் வந்தால் அந்த வீட்டில் நல்ல காரியம் என்று பொருள், அவ்வளவுதான். இங்கே நல்ல காரியத்தையும் அதற்கென்று விட்ட நேரத்துக்குள், அதுவும் வேலை நாளில், முடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சுவா சூ காங் என்ற பேட்டையில் வாங்கியது பழைய அடுக்குமாடி வீடு. வாங்கினோம் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். என் கணவர் செல்வம் அரை மனதோடு கையெழுத்துப் போட்டார். அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். பெட்டிகள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துப் பார்த்துத் தன்னையும் என்றாவது ஏற்றப்படப் போகிற பெட்டியாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு அலமாரி வாங்கலாம் என்றால்கூட, "எதுக்கு மலர்? ஊருக்குப் போறப்ப இதைத் தூக்கிட்டா போக முடியும்?" என்பார். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவர் வாயால் ஒருநாளாவது இதை நம் வீடு என்று சொல்ல வேண்டும். மற்றபடி இது யார் யாரோ வந்து தங்கிப் போகும் இடம் போலவே இருந்துவிடுமோ என்று பயந்தேன். தரையிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

தரை என்றால் நமக்கு சிமென்ட்டும் கல்லும்தான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளினால் சுத்தம். மரம் என்பது கதவுக்கும் கட்டிலுக்கும். இந்த வீட்டின் கூடத்திலோ விரல் நீளத் துண்டுகளை ஒரு கட்டம் நெடுக்கிலும் அடுத்த கட்டம் குறுக்கிலுமாக அடுக்கிப் பதித்த பார்க்கே தரை. முன்பு இருந்தவர்களின் நாற்காலிக் கீறல்களும் பழைய வார்னிஷின் கறுப்பும் அதில் ஏறியிருந்தன. முதல் நாள் பழக்கதோஷத்தில் நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வீட்டை விற்றவர் ஐயையோ என்று ஓடி வந்து என் கையைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பிவிடுமாம். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற தரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேய்க்கும் இயந்திரத்தை, டிரம் சாண்டர் என்று பெயர், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். பூக்கடை வாசனை முடியும் இடத்தில் கிரீஸ் வாசனை தொடங்கும் சந்து அது. கடைக்காரச் சீனப் பெரியவர், நம் தொழிலாளிகளோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் கற்றுவைத்திருந்தார். புல் வெட்டும் இயந்திரம் போல நின்று தள்ள வேண்டிய சாமான். அடியில் ஓர் உருளை, அதைச் சுற்றி உப்புத்தாள், பின்னால் தூசிப் பை. அவர் செல்வத்தையே பார்த்துப் பாடம் நடத்தினார். "ஹஸ்பண்ட் புஷ். யூ ஸ்வீப்" என்றார் என்னிடம். சரக்குத் தூக்கித் தேய்ந்த முதுகு செல்வத்துடையது என்றும் தள்ளப் போவது நான்தான் என்றும் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மனிதர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தாள் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆணித் தலை தெரிந்தால் உள்ளே அடித்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளும் கிழியும், பொறியும் பறக்கும். வயர் தோளுக்கு மேலே போக வேண்டும். முதலில் நடக்க வேண்டும், நடந்துகொண்டே உருளையை இறக்க வேண்டும். நிற்பதற்கு முன்னால் தூக்கிவிட வேண்டும். இறக்கிய உருளையோடு ஒரு மூச்சு நின்றாலும் தரையில் பள்ளம் விழுந்துவிடும். "நடக்க நடக்க, மெல்ல மெல்ல. நிக்காதே லா" என்றார். தூசிப் பையை நிரம்ப விடக் கூடாது. அடிக்கடி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், மாடியிலிருந்து குப்பை போடும் குழாயில் போடவே கூடாது. பழைய வார்னிஷ் தூள் தானாகவே சூடேறிப் புகைந்துவிடுமாம். கடைசியாக எங்கள் இருவர் நெற்றியையும் பார்த்து விரலை ஆட்டினார். "நோ கேஸ், நோ ஊதுபத்தி, நோ சாமி விளக்கு. ஆல் டஸ்ட் ஃபினிஷ், தென் சாமி. கேன்?" முடியும் என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற மாதிரியே செல்வமும் "கேன், கேன்" என்றார்.

இதற்கிடையில் திருநெல்வேலியிலிருந்து என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருந்தார். ஒன்பதிலிருந்து பத்தரை. நாங்கள் விடுப்பு எடுத்திருந்த அதே நாள். ஒன்பதுக்குக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, கேஸ் வால்வை மூடிவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கலாம் என்று திட்டம் போட்டோம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். ஒன்பதுக்குப் பால் பொங்கியது. அத்தைக்கு வீடியோ அழைப்புப் போட்டால் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டோம். அது யாருடைய ஒன்பது மணி என்ற கேள்வி எங்கள் இரண்டு பேர் மூளையிலும் உதிக்கவே இல்லை.

பிறகு நான் முகமூடியும் காதுமூடியும் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். கட்டங்கள் மாறி மாறி இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதித் துண்டுகளில் மர ரேகைக்குக் குறுக்காகத்தான் போகும். அதனால் முதல் சுற்றில் மூலைவாட்டில் போகச் சொல்லியிருந்தார் கடைக்காரர். காதுமூடிக்குள் இயந்திரத்தின் இரைச்சல் தூரத்து மழை போலக் கேட்டது. கறுப்பு உரிந்து அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. சன்னல் வெயிலில் தூள் மிதந்தது, அதற்கப்பால் எல்ஆர்டி ரயில் சத்தமில்லாமல் போயிற்று. போவதும் வருவதுமாக நடந்ததில் எங்கே நடக்கிறேன் என்பதே கலங்கிவிட்டது. இந்தச் சுவர்வரை சுவா சூ காங், அந்தச் சுவர்வரை பாளையங்கோட்டை. நான் புது மருமகளாகப் போன வருடம் அத்தை வீடு கட்டிக் குடிபுகுந்தார். அடுப்பை என்னைத்தான் பற்ற வைக்கச் சொன்னார். பால் பொங்கி வழிந்ததும் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். "இனி இந்த அடுப்பு உன் கையில, கேட்டியா" என்று அத்தை என் காதில் சொன்னார். அந்தச் சூடான பால் வாசனைகூட முகமூடிக்குள் வந்தது போல இருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் இந்த ஊரில் ஒருநாளும் இருந்ததில்லை.

திரும்பும்போது சமையலறைப் பக்கம் கண் போனது. செல்வம் ஒரு கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் லைட்டரை அடுப்பின் அருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவர் காலடியில், வேறு பையை மாட்டிவிட்டு நான் கொட்டுவதற்காகக் கழற்றி வைத்திருந்த தூசிப் பை, நிறைந்த வயிறோடு உட்கார்ந்திருந்தது.

நான் நின்றுவிட்டேன். செய்யவே கூடாது என்று சொன்ன அந்த ஒரு காரியத்தைச் செய்தேன். கைப்பிடி உதறியபோதுதான் உருளையைத் தூக்கினேன், பிளக்கைப் பிடுங்கினேன், ஓடினேன். அடுப்பில் நீலச் சுடர் வந்துவிட்டது. குமிழைத் திருகி அணைத்தேன், வால்வை மூடினேன், பையைத் தூக்கி வெளிநடைக்குக் கொண்டுபோனேன். செல்வம் கைப்பேசியோடு என் பின்னாலேயே வந்தார். காதுமூடியைக் கழற்றிய பிறகுதான் அதற்குள்ளிருந்து குரல் கேட்டது.

"ஏலே செல்வம், யாருல அது? அடுப்பை அணைச்சிட்டாளா அவ?"

திரையில் அத்தை பட்டுப்புடவையில் இருந்தார். பின்னால் நாலைந்து உறவுப் பெண்கள். இங்கே பதினொன்றரை ஆனால்தான் அங்கே ஒன்பது. அங்கே அப்போதுதான் ஒன்பது மணி தாண்டியிருந்தது. அவர் குறித்தது அந்த ஒன்பது. மரத்தூள் பூசிய முகத்தோடு, புதுவீட்டு அடுப்பை அணைக்கிற மருமகளை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நெருப்பை நினைத்தா, அத்தையை நினைத்தா என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. அடுப்பை என் கையில் கொடுத்தவர் முன்னாலேயே அணைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. "அத்தை, தூசி... பத்திக்கும் அத்தை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மரத்தரையையே பார்க்காதவருக்கு அது எப்படிப் புரியும்?

செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. கதவு வழியே கூடத்தைப் பார்த்தார். தேன் நிறத் தரையின் நடுவில், நான் நின்ற இடத்தில், ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவ அணைச்சதுதாம்மா சரி. நீ பத்த வைன்னதும் நான்தான் தூசியை மறந்துட்டேன். பால் காலையிலயே பொங்கிடுச்சு, இங்க ஒன்பது மணிக்கு."

"அங்கத்து நேரம் எதுக்குல? நான் பாத்தது இங்கத்து நேரம்லா?"

"நம்ம வீடு இங்கதானம்மா இருக்கு" என்றார் செல்வம்.

அவர் அதைப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மணி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் முகமூடியைக் கழற்றாமல் நின்றேன், அதற்குள் அழுவது யாருக்கும் தெரியாது. அத்தை அழைப்பைத் துண்டித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரி. பாத்த நேரத்தைச் சும்மாவா விடுறது?" என்றார் அத்தை. "ஏட்டி மலரு, நீ தள்ளியே நில்லு. நான் இங்க பால் வைக்கேன்."

திரை ஆடியது, கூரை தெரிந்தது, பிறகு அத்தையின் சமையலறை மேடை தெரிந்தது. யாரோ கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். நாங்கள் இருவரும் எங்கள் வாசலுக்கு வெளியே தலையோடு தலை ஒட்டி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம். பால் மெல்ல ஏறி, விளிம்பில் தயங்கி, பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், அந்தச் சத்தம் எங்கள் நடை முழுவதும் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சுவா சூ காங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திருநெல்வேலியில் பால் பொங்கிக்கொண்டிருக்க, தலையெல்லாம் மரத்தூளோடு நாங்கள் கைப்பேசியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.