சுடுமணலில் விட்ட கை

என் தம்பியை, நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. குங்ஃபூ படம் பார்த்துப் பார்த்தே வாங்கிய பட்டம் அது. சாப்பாட்டு வேளையில் யாராவது "மாஸ்டர், புலி எப்படிப் பாயும்?" என்று கேட்டால் போதும். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முட்டியை மடக்கி, விரல்களை நகம்போல வளைத்து நின்றுவிடுவான். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆள், தொப்பை வேறு. எல்லாரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். எனக்குத்தான் மானம் போகும்.

அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்தப் படங்கள்தான் காரணம் என்பேன். ஒரு வீட்டில் பெண் கேட்டுப் போனபோது, பெண்ணின் அப்பா "மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார். குடி, சீட்டு என்று கேட்கிறார் என்பது குழந்தைக்கும் தெரியும். இவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒத்தைக் கால்ல கொக்கு மாதிரி ரொம்ப நேரம் நிப்பேங்க" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என்னைக் கட்டியவனும் ஏற்கெனவே இன்னொருத்தியோடு போயிருந்தான். ஆக, சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் அவனுக்கு நான், எனக்கு அவன் என்று காலம் ஓடியது.

ஒரே ஒரு தடவை அவனோடு படத்துக்குப் போனேன். திரையில் வாய் அசைந்து ஓய்ந்த பிறகு பேச்சு வருகிறது. காற்றில் கையை வீசினாலே ஈரப் போர்வையைக் கல்லில் அடிக்கிற சத்தம். பத்துப் பேர் கதாநாயகனைச் சுற்றி நிற்கிறார்கள், ஆனால் ஒவ்வொருத்தனாக முறைவைத்து வந்து அடி வாங்கிக்கொண்டு போகிறான்.

"ஏண்டா, எல்லாரும் சேர்ந்து பாஞ்சா இவன் கதை அப்பவே முடிஞ்சிருக்குமே?" என்றேன்.

"வாய மூடிக்கிட்டுப் பாருக்கா" என்றான். கண்ணை எடுக்கவேயில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பேசினான். "படத்துல அந்த வேலைக்காரன் வருசக்கணக்கா தண்ணி சுமக்கிறான்ல? அது வேலை இல்லக்கா, பயிற்சி. அவனுக்கே தெரியாம அவன் உடம்பு கத்துக்குது. நம்ம அப்பாவும்தான் சுமந்தாரு. இதுதான் பயிற்சின்னு சொல்ல அவருக்கு ஒரு ஆள் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

எங்கள் அப்பா மூட்டை தூக்கியே செத்தவர். சுமந்த சுமைக்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது கூன் முதுகும் இருமலும்தான். அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அங்கே ஒருவன் பட்ட வலி வீண் போவதில்லை. சூடு வாங்கியவன், பட்டினி கிடந்தவன், மிதிபட்டவன் எல்லாரும் கடைசியில் ஜெயிக்கிறார்கள். நம் பிழைப்பில் அது எங்கே நடக்கிறது? அவனைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எங்கள் கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இழுத்து நேராக்கி, இஸ்திரி போடுகிற கொதிக்கிற உருளைக்குள் விட வேண்டும். சீக்கிரம் கையை எடுத்தால் விரிப்பு கோணிக்கொள்ளும். தாமதித்தால் விரல் வெந்துவிடும். ஒரு முனையில் என் தம்பி, இன்னொரு முனையில் நெட்டை என்கிற அவன் கூட்டாளி. அந்தப் பக்கம் வெளியே வருவதை மடிப்பது நான். கூடத்தில் அது மரியாதையான இடம். மரியாதை இல்லாத இடம் அழுக்கறை. இரத்தமும் மலமும் பட்ட துணிகளை அங்கேதான் பிரிப்பார்கள். அங்கே போனவர்கள் யாரும் உருளைக்குத் திரும்பி வந்ததில்லை.

ஒரு கட்டத்தில் தம்பியின் பக்கம் விரிப்புகள் கோணலாக வர ஆரம்பித்தன. சூப்பர்வைசர் நின்று பார்த்தார். "மாஸ்டர், விரல்ல பிடி இல்லையா? இந்த மாசம் பாப்பேன். சரியாகலேன்னா அழுக்கறைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "வலது கை விரலெல்லாம் மரத்துப்போகுதுக்கா. எதைத் தொட்டாலும் பஞ்சைத் தொடற மாதிரி இருக்கு" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போடா."

"போனா லீவு போடச் சொல்வாங்க. நான் லீவு போட்டா என் இடத்துல வேற ஆளை நிக்க வெச்சிடுவாரு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மருந்து குடிச்சு ஜெயிச்ச வீரனை நீ பாத்திருக்கியா?" என்றான்.

நானும் தினம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிறகு ஓட்டல் வேலை கூடியதால், மடிக்கிறவர்களை மட்டும் சாயங்காலமும் நிறுத்திக்கொண்டார்கள். அவன் எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவான். நான் வரும்போது, வேலைக்குக் கொடுக்கிற துணிக் கையுறையை வீட்டிலும் போட்டுக்கொண்டிருப்பான். கேட்டால், "பிளீச்சிங் பட்டு அரிக்குது" என்பான். ஆனால் முகம் தெளிந்திருந்தது, பாட்டுக்கூட முணுமுணுத்தான். அதைவிட அதிசயம், விரிப்புகள் நேராக வர ஆரம்பித்தன. கடைசி நொடிவரை முனையை விடாமல் பிடித்திருந்தான். சூப்பர்வைசரே, "பரவாயில்லையே மாஸ்டர், நெட்டையைவிட நல்லாப் பிடிக்கிறீங்களே!" என்றார். நானும் அப்பாடா என்று இருந்தேன்.

ஒருநாள் கரண்ட் போய் எல்லாரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். தம்பி எனக்கு முன்னால் கிளம்பிப் போயிருந்தான். கதவைத் திறந்தபோது கருகிய வாடை அடித்தது. அடுப்பில் என் இரும்புச் சட்டி, சட்டி நிறைய மணல். அவன் அதன் எதிரே கால் அகட்டி நின்று, விரல்களை ஈட்டிபோல நீட்டி, மணலுக்குள் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"பாருக்கா, படத்துல வர்ற பயிற்சி! முதல்ல வெறும் மணல்ல குத்தினேன். அப்புறம் லேசாச் சூடு பண்ணினேன். இப்ப கொதிக்குது. வலிக்கவே இல்ல. கை இரும்பாயிடுச்சு!"

பாய்ந்து அடுப்பை அணைத்தேன். அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. தோல் கழன்ற இடத்தில் மணல் ஒட்டியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே சீழ். நாற்றம் வேறு.

"கண்ணை மூடு. இப்ப எந்த விரலைக் கிள்றேன், சொல்லு."

மூடினான். ஆள்காட்டி விரலை என் நகம் பதியக் கிள்ளினேன்.

"கிள்ளுக்கா" என்றான்.

"சொல்லுடா."

"நீ இன்னும் கிள்ளவே இல்லையே."

நான் கத்திய கத்தலில் கீழே சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்தார். அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்னப் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரத்தம் எடுத்துச் சோதித்தாள். சர்க்கரை எகிறிப் போயிருந்தது. எத்தனை காலமாக இருந்ததோ, எங்களுக்குத் தெரியாது.

"இவ்வளவு புண்ணோட எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"வலியை ஜெயிச்சிட்டேன் டாக்டர்" என்றான் தம்பி. அந்த நிமிடத்திலும் தலை நிமிர்ந்துதான் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க ஜெயிக்கலங்க. சர்க்கரை உங்க நரம்பைக் கொன்னுடுச்சு. வலின்னு ஒண்ணு வந்திருந்தா, இந்தக் கை தப்பிச்சிருக்கும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து வாசலில் நிற்பானே, அதே பார்வை. "ஒரு விரலாவது மிஞ்சுமா?" என்று கேட்டான். மிஞ்சவில்லை. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே உருளையில் வேறு ஆள் நின்றான். "அழுக்கறையிலயாவது போடுங்க சார்" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். எந்த இடத்துக்கு அவன் பயந்தானோ அதே இடத்துக்கு. "அதுக்கும் ரெண்டு கை வேணுமேம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். வேளாவேளைக்கு மாத்திரை தின்றான். அதில் மட்டும் தகராறு செய்யவில்லை. படத்தின் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெட்டை வந்தான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ மாஸ்டர்" என்று ஆரம்பித்தான். எனக்குச் சுருக்கென்றது. போனது தலைப்பாகையா? ஆனாலும் நல்ல மனசுக்காரன், அழுதுவிடாமல் இருக்கத்தான் எதையோ பேசினான். பிறகு போனை எடுத்து, "உனக்குன்னே எடுத்த மாதிரி ஒரு படம். தேடிப் பிடிச்சேன். ஒத்தைக் கையாலயே ஊரையே அடிக்கிறான் பாரு" என்று டம்ளரில் சாய்த்து வைத்தான்.

தம்பி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். கதாநாயகனின் கையை வில்லன் வெட்டுகிறான். அவன் காட்டுக்குள் போய் அழுகிறான், விழுகிறான், எழுகிறான், இடது கையால் பழகுகிறான். தம்பி இமைக்காமல் பார்த்தான். எனக்குள் ஒரு நப்பாசை. இந்தக் கிறுக்கையே இத்தனை வருஷம் திட்டினேனே, அது திரும்பி வந்தாலே போதும் என்றிருந்தது.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, "நிறுத்து" என்றான். நெட்டை நிறுத்தினான்.

தம்பி இடது கை விரலால் திரையைத் தொட்டுக் காட்டினான். "இங்க பாரு, முதுகுல சட்டை புடைச்சிருக்கு. கையை மடக்கி உள்ள கட்டி வெச்சிருக்கான்."

நெட்டை குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். புடைத்துத்தான் இருந்தது.

"படம் முடிஞ்சதும் அவுத்துவிட்டுடுவாங்க, இல்லக்கா?" என்றான்.