அக்கா போட்ட பூட்டு

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நினைவுப் புத்தகமாகக் கொடுக்க அவருடைய தம்பி எழுதும் சில பக்கங்கள் இவை. நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அக்காவிடம் நல்லது நிறையவே உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் சிங்கப்பூரின் தோ பாயோவில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா தொழிற்கல்வி நிலையத்தில் மின்சாரப் பிரிவில் சேர்ந்தபோது, வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கரண்டு வேலை?" என்று அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அக்காவும் அந்த ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. கடைசியில் இறங்கி வந்தது அப்பாதான்.

கப்பல் பட்டறையில் சில ஆண்டுகள், பிறகு ஜூரோங்கில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு. கல்யாணம் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்டு ஓய்ந்தோம். உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டின் கடைசி அறை அவருடையது. ஒரு பல்பு மாற்றுவதானாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுவார். பாதி வெந்த சோறோடு என் மனைவி எத்தனையோ முறை நின்றிருக்கிறார்.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு மின்சாரம் தரும் இரும்புப் பெட்டியைப் பேனல் என்பார்கள். அதன் கதவில் திருகும் கைப்பிடி ஒன்று இருக்கும். கைப்பிடி 'ஆன்' நிலையில் இருந்தால் கதவு திறக்காது. உள்ளே ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொள்ளும். 'ஆஃப்' செய்தால்தான் கொக்கி விடும், கதவு திறக்கும். இன்டர்லாக் என்று பெயர். கை வைக்கிறவன் உயிரோடு வீடு திரும்புவதற்காக யாரோ யோசித்து வைத்தது.

அக்காவின் தொழிற்சாலையில், பொட்டலம் கட்டும் வரிசையின் பேனலில், அந்தக் கொக்கியை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மோட்டார் அடிக்கடி நின்றுபோகும். அதை மறுபடி ஓட்டும் பட்டன் பேனலுக்குள் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் திருப்பினால் மொத்த வரிசையும் நிற்குமே! அதனால் மின்சாரம் ஓடும்போதே கதவைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் எட்டி பட்டனை அழுத்துவது வழக்கமாகிவிட்டது.

கொக்கியை மாற்றச் சொல்லி அக்கா நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். "அடுத்த ஷட்டவுன்ல மாத்திடலாம்" என்றார்கள். பழுது பார்க்க ஆலையை நிறுத்தும் அந்த ஷட்டவுன் நாளும் வந்தது, போனது. மறுபடி எழுதினார். பாகம் வர மாதக் கணக்காகும் என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஒரு காலையில் அக்கா கைப்பிடியை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பி, தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பூட்டியவர் கழற்றாமல் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது விதி.

அங்கே மேலாளராக இருந்தவர் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் என்னோடு இருந்த நண்பர். அன்று சாயந்திரம் எனக்குப் போன் செய்தார்.

"டேய், உங்க அக்கா லைன் பூட்டிட்டுப் போய்ட்டாங்க லா. எல்லாம் நிக்குது. நீ சொன்னா கேப்பாங்கடா."

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே பேசினேன்.

"பார்ட் ஆர்டர் பண்ணியாச்சாம்க்கா. கொஞ்ச நாள் பொறுத்துக்க முடியாதா?"

"ஆர்டர் பண்ணல தம்பி. நானே பர்ச்சேஸ் ஆபீஸ்ல போய்க் கேட்டேன்."

"அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்ட் ரினியூ பண்ணணும். அவன்தான் சைன் போடணும். இந்த வயசுல வேற எங்க வேலை தேடுவீங்க?"

"கரண்டு ஓடும்போது அந்தக் கதவு தொறக்குதுடா."

"இத்தனை நாளா தொறந்துட்டுத்தானே இருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் மோட்டார் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த முருகேசனைப் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கதவைத் திறந்தார், ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. தீப்பிழம்பு அடித்து வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

மாதக் கணக்காகும் என்ற பாகம் நான்கே நாளில் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

விசாரணையில், பூட்டைக் கழற்ற ஏன் சம்மதித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். "நானாத்தான் சாவியைக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். என் பெயரையோ போன் வந்ததையோ சொல்லவில்லை. ஆபத்து தெரிந்தும் பூட்டை எடுத்தவர் என்று பழி அவர்மேல் விழுந்தது. காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. நான் மன்னிப்புக் கேட்க அறை வாசலில் போய் நின்றேன். "இப்பப் பேசாத தம்பி" என்றார். அப்புறம் பேசலாம் என்று நானும் திரும்பிவிட்டேன்.

வேலை போன பிறகு அக்கா முருகேசனோடு மருத்துவமனைக்கு அலைந்தார். கைப் பயிற்சிக்கு வாரா வாரம் கூட்டிப் போனார். மறு வருடமே அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆறே வாரம்தான். கடைசி நாள்களில் மருந்து மயக்கத்தில் இருந்தார். நான் சொல்ல நினைத்தது சொல்லாமலே நின்றுவிட்டது. இறுதிச் சடங்குக்குத் தொழிற்சாலையிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. அதை நான் வாசலிலேயே வைக்கச் சொன்னேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், பாலம் கடந்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்து நின்ற சித்தப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

முருகேசனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து ஜூரோங்கிலிருந்து ரயிலேறி, அக்கா கண் மூடும் வரை மருத்துவமனைக்கு வந்தவர் அவர். போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்து, சாவியைக் கொடுக்க வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் தேநீரை இடது கையால் தள்ளி வைத்தார்.

"கோவம் வருதுண்ணே. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன்."

பிறகு, "புத்தகத்துல இதையும் போடுங்க. அக்கா மேலதான் தப்புன்னு அங்க இன்னும் பேசிக்கிறாங்க" என்றார்.

போட்டுவிட்டேன். முருகேசனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை.